மேல பட்ட மருந்து

இல்லய்யா, காப்பியெல்லாம் வேணாம். உக்காருங்க, நீங்க நின்னா எனக்குப் பேச்சு வராது. ஆமா, ஒங்க மகன் சேவியர அன்னைக்குப் பாத்த டாக்டர் நாந்தேன். போலீசு யாரும் அனுப்பல. டூட்டி முடிஞ்சு அப்படியே பஸ் ஏறிட்டேன். ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல, கொஞ்சம் கொளறும், பொறுத்துக்கங்க.

மருமக எஸ்தர் இன்னும் ஆண்டிபட்டியில அவுக ஆத்தா வீட்லதான் இருக்காகளாமே. ம். ஊரு பேசுறது எனக்கும் தெரியும். பொண்டாட்டி சண்ட போட்டா, அவன் பூச்சி மருந்தக் குடிச்சுச் செத்துட்டான்னு. அதுக்குத்தான் வந்தேன்.

எங்க கேசுவாலிட்டிக்கு வாரம் மூணு பேராவது திராட்சத் தோட்டத்துலருந்து வருவாக. குடிச்சுட்டுத்தான். ஆனா கூட வந்தவுக ஒருத்தரும் அதச் சொல்ல மாட்டாக, கேசாயிரும்ல. மருந்தடிக்கையில மேல பட்டுருச்சு டாக்டர்ம்பாக. வந்த புதுசுல நம்புனேன். ஒருத்தருக்கு வயித்தக் கழுவ லேட்டாகி, போய்ட்டாரு. பெரிய டாக்டர் புடிச்சுத் திட்டுனாரு. கூட வந்தவன் வாயப் பாக்காத, கண்ணுப் பாப்பாவப் பாரு, கடுகாட்டம் சுருங்கியிருந்தா ஊசியப் போடு, டியூப்ப விடு, கதையப் பொறவு கேளுன்னு. அதுலருந்து யாரு சொன்னாலும் நம்புறதில்ல.

ஒங்க மகனத் தூக்கிட்டு வந்தது ஒச்சாண்டிதான? பக்கத்துத் தோட்டத்துக்காரரு. அவரும் அதயேதான் சொன்னாரு. எதுத்தாப்புல காத்து அடிச்சுச்சு, முதுகுல மாட்டுன டேங்கு ஒழுகுச்சு, மேல பட்டுருச்சுன்னு. நான் சிரிச்சேன்யா. தெனமும் இதத்தான கேக்குறோம்னேன். மருந்து குடிச்சு வந்தவர்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன். எங்க வீட்ல பேனா புடிச்ச மொத ஆளு நாந்தேன். ஒரு வரி எழுதுனா அது இம்புட்டுத் தூரம் வரும்னு தோணல.

போன வாரம் மதுரை லேபுலருந்து ரிப்போர்ட் வந்துச்சு. ரத்தத்துல மருந்து இருக்கு. வயித்துல ஒரு சொட்டு இல்ல, நான் மொதக் கழுவி எடுத்து அனுப்புன தண்ணியிலயும் இல்ல. ஒச்சாண்டி சொன்னதுதான் நெசம். எஸ்தர் மேல எந்தப் பழியும் இல்லய்யா. ஸ்டேசன்லயும் எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கே போயி அவுகளக் கூட்டிட்டு வந்துருங்க.

அழுங்க, பரவால்ல.

அய்யய்யோ, என்னக் கும்புடாதீங்க. கைய எறக்குங்க. வயித்துல இல்லன்னா எங்கன இருந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லயே.

சட்டையில. முதுகோட ஒட்டி ஈரமாக் கெடந்துச்சு. மேல பட்டுச்சுன்னு நம்பியிருந்தா அதக் கழட்டிப் போட்டுட்டு, சோப்புப் போட்டுக் கழுவியிருப்பேன். அஞ்சு நிமிசம் ஆகும். நான் வயித்தக் கழுவிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் மூச்சு நிக்கிற வரைக்கும் அந்தச் சட்ட அவரு மேலதான்யா இருந்துச்சு.