பெரியதோட்டத்து மாடியில் யார்?

— சிரிக்காதீங்க அம்மிணி. முட்டை வெலையே பெரியதோட்டத்து அய்யா ஊட்லதான் முடிவாகுது. காத்தால பெரியதோட்டத்துல ஆம்லெட் போட்டா நாமக்கல்ல வெலை ஏறும். இட்லி ஊத்துனாங்கன்னா எறங்கிரும்.

— யாருண்ணா இதெல்லாம் சொல்றது?

— கோழிப்பண்ணைக்காரங்களே சொல்றாங்க. நான் சொந்தமா ஒண்ணும் சேர்க்கலீங்க.

— எப்பவும் வண்டி ஓட்டிட்டு வர்ற மோகன்குமார் வாயே திறக்க மாட்டார். நானும் கொண்டலாம்பட்டி தாண்டுனா தூங்கிருவேன். இன்னைக்கு விட மாட்டீங்க போல...

— அவனுக்குக் காய்ச்சலுங்க. அதான் நான் வாரேன். ஏசி பத்துதுங்களா?

— போதும்ணா.

— எங்கீங்க எறக்கி உடோணும்?

— ராசிபுரம் தாண்டி ஒரு கல்யாண மண்டபம் வரும். அங்க விட்டுட்டா போதும். வேற வண்டி வந்து கூட்டிட்டுப் போகும்.

— வாரத்துல மூணு நாள் வாரீங்கன்னு மோகன் சொன்னான். என்ன வேலைங்க?

— டியூஷன்.

— சேலத்துல இருந்து ராசிபுரத்துக்கு வந்து டியூஷனா?

— நல்லாப் படிக்காத பசங்கண்ணா.

— அட... பாருங்க, பனமரத்துப்பட்டி பிரிவு. அந்த ஏரியில ஏன் தண்ணி நிக்க மாட்டேங்குதுன்னு தெரியுமுங்களா?

— மழை இல்ல. வேறென்ன?

— அதுதான் இல்லீங்க! பெரியதோட்டத்து ஊட்டுக்கு அடியில இருந்து ஏரி வரைக்கும் சுரங்கம். லாரியே போகுமாம். மேல பதினாலு ரூம்பு, கீழ பதினாறு ரூம்பு. ஏரித் தண்ணியெல்லாம் அந்தச் சுரங்கத்துல எறங்கிருதாம்.

— அப்ப கீழ இருக்கற பதினாறு ரூமும் முழுகியிருக்குமே?

— ...அதை நான் ரோசிக்கலீங்க.

— போங்கண்ணா.

— நீங்க வெளையாட்டா எடுத்துக்கறீங்க. மூணு தடவ மந்திரியா இருந்த மனுஷன். மூத்த பையன் எம்.பி. சின்னவரு எம்.எல்.ஏ. அய்யா ஒரு சொல்லு சொன்னா சென்னையில நாற்காலி ஆடும். அப்பேர்ப்பட்ட ஊட்டைப் பத்திச் சனம் பேசாம என்ன பண்ணும்? அதுலயும், ஏழு மாசமா அய்யாவ வெளியவே காணோம்.

— வயசாயிருச்சு. ஓய்வுல இருப்பாங்க.

— ஓய்வா... அவரு பங்குனியிலயே போய்ச் சேந்துட்டாருங்க.

— என்னண்ணா சொல்றீங்க?

— ஊரே சொல்லுது. எலெக்சன் வருதில்லீங்க, அதுக்காக மறைக்கறாங்களாம். ஞாயித்துக்கிழமை மாடியில வந்து நின்னு கையாட்டறாரே ஒருத்தரு, அது அய்யாவே இல்லையாம். ஆத்தூர்ல ஜவ்வரிசி மில்லுல இருந்த ஆளு. அதே மூக்கு, அதே மீசை. வேட்டி கட்டி நிறுத்தி வெச்சிருக்காங்களாம்.

— ஹாஹா... ஜவ்வரிசி மில்லு... ஐயோ!

— ...

— என்னண்ணா, கோவிச்சுக்கிட்டீங்களா?

— இல்லீங்க. நீங்க சிரிச்சீங்களே... சும்மா கேட்டுட்டிருந்தேன்.

— பின்ன சிரிக்காம?

— ஆதாரம் இருக்குதுங்க. அய்யா அம்பது வருசமா வலது கையத்தான் தூக்குவாரு. மாடியில நிக்கற ஆளு இடது கைய ஆட்டறான். எல்லாரும் செல்போன்ல படம் புடிச்சு வெச்சிருக்காங்க.

— எந்தக் கையா இருந்தா என்னண்ணா? தண்ணி பாட்டில் இருக்கா?

— கதவுலயே இருக்குதுங்க. இன்னொண்ணு இருக்குது, அதைக் கேட்டா நீங்க இன்னும் சிரிப்பீங்க. அந்த ஊட்டுக்கு ஒரு பொம்பளை வாராங்களாம்.

— ...எந்தப் பொம்பளை?

— யாருக்கும் தெரியாது. கையில ஒரு கறுப்புப் பை. அதுக்குள்ள சீட்டுக்கட்டு. நம்ம ரம்மி சீட்டு இல்லீங்க. படம் போட்ட சீட்டு. குடை, ஆடு, தேங்கா, சாவி. அய்யா முன்னாடி ஒவ்வொண்ணா காட்டுவாங்களாம். அவரு எதைத் தொடறாரோ அதை வெச்சுத்தான் எந்தத் தொகுதிக்கு யாருன்னு கட்சியில முடிவாகுதாம்.

— ஆண்டவரே!

— கேரளத்து மந்திரவாதின்னு சொல்றவங்களும் இருக்காங்க. ராமாயின்னு எங்க தெருவுல ஒருத்தி, அந்தப் பொம்பளைக்கு நிழலே விழாதுன்னு சத்தியம் பண்றா.

— நிழல் விழாதாமா? வெயில்ல கறுத்துப் போயி நான்... அந்தப் பொம்பளை பாவம்ணா. ஏதாவது வயித்துப் பொழப்புக்குப் போறவங்களா இருக்கும்.

— இருக்கும்ங்க. மல்லூர் வந்துட்டோம். டீ சாப்புடறீங்களா?

— வேண்டாம்ணா. நேரமாகுது.

— அம்மிணி, நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கட்டுங்களா? எங்க சொந்தத்துல ஒரு பெரியவருக்குத் திடீர்னு பேச்சு நின்னு போச்சு. வலது பக்கம் கை கால் விழுந்துருச்சு. அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பேச்சு திரும்ப வருமுங்களா?

— எவ்வளவு நாளாச்சு?

— ஏழு மாசம்.

— ...வரும்ணா. சில பேருக்கு மெதுவா வரும்.

— நெசமாவா?

— நெசமாத்தான். உள்ள எல்லாம் அப்படியே இருக்கும்ணா. எதிர்ல இருக்கறது யாரு, என்ன கேக்கறாங்க, எல்லாம் தெரியும். சொல்லத்தான் வராது. தண்ணி வேணும்னு நினைப்பாங்க, சில பேருக்கு வாயில ‘சாவி’ன்னு வரும். அது தப்புன்னும் அவங்களுக்கே தெரியும். மறுபடி முயற்சி பண்ணுவாங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை. வேர்த்துக் கொட்டும். சட்டையே நனைஞ்சிரும்.

— நூறு தடவையா...

— பேச்சுப் பயிற்சி கொடுக்கறப்ப நான் பார்த்திருக்கேன்ணா. மைக்கைப் புடிச்சா ரெண்டு மணி நேரம் பேசின ஒரு மனுஷர், ‘அ’ன்னு ஒரு சத்தம் வர்றதுக்கு மூணு வாரம் உக்காந்தார். ஒரு நாள்கூட வேண்டாம்னு சொன்னதில்ல. நான் போறதுக்கு முன்னாடியே குளிச்சு, தலை சீவி, நாற்காலியில உக்காந்திருப்பார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. எனக்கு அவரைப் பார்த்தா எந்திரிச்சு நின்னு கும்புடணும்னு தோணும்.

— ...

— அண்ணா? ஏன் வண்டியை ஓரங்கட்டறீங்க? 

— ஒரு நிமிசம்ங்க. கண்ணு... ரோடு தெரியல.

— அழறீங்களா? அண்ணா, நீங்க யாரு?

— மோகனுக்குக் காய்ச்சலெல்லாம் இல்லீங்க. கறுப்புப் பையோட ஒரு அம்மிணி வாராங்கன்னு அவன் சொன்னதும், நான்தான் அவன் கையக் காலப் புடிச்சு இன்னைக்கு ஒரு நாளைக்கு வண்டிய வாங்கிட்டு வந்தேன்.

— எதுக்கு? நீங்க பத்திரிகைக்காரரா? எதிர்க்கட்சியா?

— பயப்படாதீங்க சாமி. நான் டிரைவருதான். இருபத்தேழு வருசம் அய்யாவுக்கு வண்டி ஓட்டுனவன். அவருக்கு அப்படி ஆன அன்னைக்கு ஆத்தூர்ல ஒரு ரைஸ் மில் தெறப்பு விழா. முடிச்சுட்டு வாரோம். பேசிட்டே வந்தவரு வாழப்பாடி தாண்டி நிறுத்திட்டாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். கண்ணாடியில பாத்தா வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு... என்னமோ சொல்ல வாராரு, வரலீங்க. இடது கைய நீட்டி என்ற தோளப் புடிச்சாரு. சேலம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உடலீங்க. நர்சுங்கதான் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தாங்க.

— அப்புறம்?

— அப்புறம் என்னங்க... வெளியே தெரியக் கூடாதுன்னு பசங்க முடிவு பண்ணிட்டாங்க. பாத்தவங்க எல்லாத்தையும் மாத்திட்டாங்க. சமையக்காரரு, தோட்டக்காரரு, நானு. தப்பா நடத்தலீங்க. ‘போதும், ஊட்ல ஓய்வா இருங்க’ன்னு மரியாதையாச் சொல்லித்தான் அனுப்பினாங்க. கேட்டுல புது ஆளுங்க. போன் நம்பரெல்லாம் புதுசு.

— இவ்வளவும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா சுரங்கம், ஜவ்வரிசி மில்லுன்னு...

— நான் யாருகிட்டயும் வாயத் தெறக்கலீங்க. பொண்டாட்டிகிட்டயே சொல்லலை. சனம் என்ன சொன்னாலும் ‘அப்படியா, அப்படியா’ன்னு கேட்டுக்குவேன். செத்துட்டாருன்னு சொல்றப்பதான்... தாங்காதுங்க. ஏன்னா எனக்கும் தெரியாது. அதான் உங்ககிட்ட அதையே சொல்லிப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்க பாருங்க. செத்த ஊட்டுக்குப் போற பொம்பளை அப்படிச் சிரிக்க மாட்டாங்க.

— நான் எதுவும் சொல்லலண்ணா. நீங்களா எதையோ நினைச்சுக்காதீங்க.

— சரிங்க.

— வெளியே சொல்ல மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். எங்க அம்மாகிட்டகூட டியூஷன்னுதான் சொல்லிட்டு வர்றேன். என் வாயில இருந்து ஒரு வார்த்தை வெளியே போனா நாளைக்கு வேற ஆள் வரும். அப்ப அவருக்கு... அந்த மாதிரி ஒருத்தருக்கு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். புரியுதுங்களா?

— புரியுதுங்க. உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கல. அவரு இருக்கறாரு. எனக்கு அது போதும். கெளம்பலாம்ங்க, நேரமாச்சு.

— ...

— ஆண்டகளூர் கேட் வந்துருச்சு.

— இருபத்தேழு வருஷம்னா அந்த வீட்டுல எல்லாருக்கும் உங்களைத் தெரியுமே. யாராவது ஒருத்தர்கிட்டச் சொல்லி...

— கேக்கலாம்ங்க. கூச்சமா இருந்துச்சு. நான் ஊட்டுக்குள்ள போனவன் இல்லீங்க. பசங்களுக்குத் தனித்தனி வண்டி, தனித்தனி ஆளு. நானும் அவரும் வண்டிக்குள்ளதான். கண்ணாடிய ஏத்தி உட்டுட்டா ரெண்டே பேரு. தோட்டங்காட்டுக் கதை, வவுத்து வலி, எம் பொண்ணு கண்ணாலம்... எல்லாம் பேசுவோம்.

— அவர் உங்களை நல்லா நடத்தினாரா?

— அதை என்னன்னு சொல்றது... சரி, மண்டபம் வந்துருச்சுங்க. அந்த வண்டி இன்னும் வரல. வெயில்ல நிக்காதீங்க, உள்ளயே ஒக்காருங்க. என்னை யாரும் பாக்காம நான் அப்படித் தள்ளி நிக்கறேன்.

— சாயங்காலம் நீங்கதானே வருவீங்க? நம்பர் சொல்லுங்க. பேர் என்னன்னு போட்டு வெக்கறது?

— சின்னுசாமிங்க.

— சின்னுசாமி...

— ஊட்ல, ஊர்ல, சம்பள நோட்டுல எல்லாம் அதுதான். அய்யாவுக்கு மட்டும் வேற பேரு. மொத நாளு திருச்செங்கோட்டுல வந்து வண்டி ஏறுனாரு. பழைய டிரைவர்னு நெனச்சுக்கிட்டு, ‘எடுப்பா செங்கோடா’ன்னாரு. மாவட்டத்துல பாதிப் பேரோட பேரு அவருக்கு மனப்பாடம். அவருகிட்டப் போயி தப்புன்னு எப்படிங்க சொல்றது? நானும் எடுத்தேன். அன்னையில இருந்து வண்டிக்குள்ள நான் செங்கோடன்தான். கடேசி வரைக்கும் திருத்தவே இல்ல... ஏனுங்க அம்மிணி? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— அண்ணா... எறங்காதீங்க. அப்படியே உக்காருங்க. அந்த வண்டி வர வேண்டாம், நேரா வீட்டு கேட்டுக்கே விடுங்க, அங்க நான் பேசிக்கறேன். ஆறு மாசமா ஒரு வார்த்தை வரல அவருக்கு. போன மாசம் முதல் வார்த்தை வந்துச்சு. ‘செங்கோடா’ன்னு. வீடே அழுதுச்சுண்ணா. சாமியைக் கூப்பிடறார்னு சொல்லி, விடிகாலையில யாருக்கும் தெரியாம திருச்செங்கோடு மலைக்கே தூக்கிட்டுப் போயி அபிஷேகம் பண்ணிக் கூட்டிட்டு வந்தாங்க. வந்தும் நிறுத்தல. தினமும் குளிச்சு வேட்டி கட்டினதும் வாசப் பக்கம் பார்த்துக் கூப்பிடறார். நானும் சாமியைத்தான் கூப்பிடறார்னு, பூஜை ரூம் பக்கம் நாற்காலியைத் திருப்பித் திருப்பி வெச்சுக்கிட்டு இருந்தேன்ணா.