பழக்கம் இல்லை

போன் அடித்தால் மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவேன். சாத்தாங்காட்டில் முப்பத்தெட்டு வருடம் இரும்புக் கடை நடத்துகிறவனுக்கு அது தானாக வந்துவிடும். அனிஷாவைப் பற்றிக் கேட்டு வந்த அழைப்புகளையும் அப்படித்தான் எடுத்தேன்.

அனிஷா என் மருமகள். என் மகன் காய்ச்சலில் போய் மூன்று வருடமாகிறது. அவளும் பேத்தியும் திருவொற்றியூரில் எங்களோடுதான் இருந்தார்கள். போன வருடம் அவள் ஒரு வேலை ஆரம்பித்தாள். வெளியூர் முதலாளிகளுக்கு வீட்டிலிருந்தே கடிதம் எழுதுவது, யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று நினைவூட்டுவது. வர்ச்சுவல் அசிஸ்டெண்ட் என்று பெயராம். ஆள் பிடிப்பதற்காக வாரம் ஒரு கட்டுரை எழுதி பிளாக்கில் போட்டாள். முதல் கட்டுரையே எங்கள் கடையைப் பற்றி. நான்கு மாதமாகப் பதில் போடாமல் கிடந்த கடிதங்களை அவள் எப்படி ஒழுங்கு செய்தாள் என்று எழுதி, 'என் வேலையைப் பற்றி மாமாவிடமே கேளுங்கள்' என்று என் எண்ணையும் கீழே போட்டிருந்தாள்.

பக்கத்துக் கடை இசக்கிப்பாண்டி அதைப் படித்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, மருமவ வேல கேட்டு ஊருக்கெல்லாம் எழுதுது போல. உங்க கடைல கடுதாசி எல்லாம் குப்பையா கெடந்துச்சாமே?"

தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பார்ட்டிக்குச் சரக்கு கொடுக்கும் முன் பழைய கடையில் விசாரிப்பார்கள். யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டோம். நல்லவன் என்றால் 'நல்ல பார்ட்டி' என்போம். இல்லையென்றால் 'எங்களுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை' என்போம். அதோடு அவன் கதை முடிந்தது.

மறுநாள் பெங்களூரிலிருந்து ஒருவர் அனிஷாவைப் பற்றிக் கேட்டார். என் வீட்டில் ஏழு வருடம் உலை வைத்தவளை, எங்களுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை என்றேன்.

அதன் பிறகு பதினோரு பேர் கேட்டார்கள். பதினோரு பேருக்கும் அதே பதில்.

தினமும் சாயங்காலம் அவள் கேட்பாள்.

"மாமா, யாராவது பேசுனாங்களா?"

"இல்லம்மா."

தன் எழுத்தில்தான் குறை என்று நினைத்துக்கொண்டாள். மாற்றி மாற்றி எழுதினாள். ஒருநாள் பேத்தி கணக்கில் சந்தேகம் கேட்டபோது, "அம்மாவுக்கு ஒண்ணும் சரியா வராதும்மா, மிஸ்ஸக் கேளு" என்றாள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன்.

அவளுடைய தோழி ரமாபாய், வியாசர்பாடிக்காரி, ஒரு வியாழக்கிழமை கடைக்கு வந்து நின்றாள்.

"இன்னா பெரியவரே, நேத்து கோயம்புத்தூர் கம்பெனின்னு போன் பண்ணது நாந்தான்."

ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அது அங்க அழுதுகினு கீது. நீ இங்க குந்திகினு அது பொழப்புல மண்ணள்ளிப் போடுற?"

"நான் அவளைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை சொல்லலியே."

"அத்த அவகிட்டயே சொல்லு. ஞாயித்துக்கிழம வரிக்கும் டைமு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவேன்."

சனிக்கிழமை அனிஷா தானாகவே வந்து, "பிளாக்க மூடிரலாம்னு இருக்கேன் மாமா. யாருக்கும் பிடிக்கல போல" என்றாள். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். "போகட்டும் விடும்மா" என்றுதான் வந்தது. எனக்கு மனசு லேசாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ரமாபாய் சொல்லிவிட்டாள். அனிஷா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் எண்ணை எடுத்துவிட்டு மறுபடி எழுதினாள். பதினைந்தாம் நாள் ஒருவர் வேலை கொடுத்தார். இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஆனார்கள். மாதவரத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறாள் என்று பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று அந்த வீட்டுக்காரர் பேசினார். கடைப் பெயரை வைத்து என் எண்ணைப் பிடித்தாராம். உங்கள் மருமகள் எப்படி, நம்பி வீடு விடலாமா என்றார். குழந்தையை வைத்துக்கொண்டு அவள் தனியாகச் சிரமப்படுவாளே என்றுதான் நான் யோசித்தேன்.

"எங்களுக்கு அவ்வளவு பழக்கம் இல்லீங்க" என்றேன்.