வெயில் கேட்ட ட்ரோன்

சாரல் மாதத்தில் சோலார் விசிறித் தொப்பியைக் காசு கொடுத்து வாங்கி, அதையே மாட்டிக்கொண்டு மலையேறிய மடையன் நான். போடி ஜீப்பில் என் எதிரே இரண்டு ஏலக்காய்த் தோட்டக்காரர்கள். வெளியே ஒரே மூடுபனி.

“மருந்தடிக்கிற ஆளுகளை நிப்பாட்டிட்டேன் மாமா. முதுகுல சோலார் வச்ச ட்ரோன் வருது. சார்ஜுக்கு எறங்காமப் பறந்துக்கிட்டே அடிக்கும்,” என்றார் இளையவர்.

“ஏலத்துக்கு நெழலு வேணும், ட்ரோனுக்கு வெயிலு வேணும். நெழல் மரத்தை வெட்டப்போறியா மாப்ளே?”

“மரத்துக்கு மேல பறக்கும் மாமா.”

“அப்ப மருந்தும் மரத்துக்குத்தான். கீழ காயெல்லாம் அழுகுது. வெயில் வரட்டும்னு அழுகல் காத்துக்கிட்டு இருக்குமா?”

இளையவர் போனை எடுத்தார். “மருந்தடிக்க ஆளுகளைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வெரசா வாங்கண்ணே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் தலையைப் பார்த்தார்.

“ஒங்க விசிறி சுத்துதா?”