ஹேண்டில்பாரில் சிவப்புத் துணி

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் இன்ஸ்பெக்டர் சார், கிரீஸ் ஒட்டும். இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள். நொறுங்கின வண்டியை என் பட்டறையிலேயே இறக்கிவிட்டீர்கள், ரொம்ப நல்லது. வேகத்தால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்தாயிற்று, நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறீர்கள். போடுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும்.

வண்டி என்றால் எல்லோருக்கும் எஞ்சின்தான். எனக்கு ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்குகிற ஷாக் அப்சார்பரும். பந்தய டிராக் வழவழவென்று இருக்கும், அங்கே வண்டி விறைப்பாக நிற்க வேண்டும். தெரு அப்படியில்லை. மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் சட்டென்று எழுந்தால்தான் சக்கரம் தரையைப் பிடிக்கும். அது எழுகிற வேகத்தை ஷாக்குக்கு அடியில் இருக்கிற இந்தச் சின்ன ஸ்க்ரூ தீர்மானிக்கிறது. டிராக்குக்கு இறுக்குவேன், தெருவுக்குத் தளர்த்துவேன். இறுக்கினபடியே தெருவில் போனால் முதல் மேட்டில் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்து மேடு வந்தால் ஸ்பிரிங் எழுவதற்குள் மறுபடி அமுங்கும், மறுபடி அமுங்கும். கடைசியில் அமுங்குவதற்கு இடமே இருக்காது. அப்போது வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஸ்க்ரூ இறுக்கியிருக்கிறவரை ஹேண்டில்பாரில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். தளர்த்திய பிறகு நான்தான் அவிழ்ப்பேன், வேறு யாரும் தொடக்கூடாது. துணி இருந்தால் வண்டி தெருவுக்குப் போகாது. என் தங்கையின் கணவர் பைக் பந்தயக்காரர், இந்த வண்டி அவருடையதுதான்; அவரும் இதை மீறினதில்லை. "மச்சான் துணிய அவுத்துட்டா கண்ண மூடிட்டுப் போலாம்" என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார். தங்கமான மனுஷன் சார். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

அம்மா போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் பக்கத்திலேயே கிடந்தது, கல்யாணம் செய்து வைத்தது, எல்லாம் நான். கல்யாணத்துக்குப் பிறகும் இந்தப் பட்டறைக்கு மேலே மாடியில்தான் இருவரையும் குடிவைத்தேன். மேலே அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கீழே வேலை பார்ப்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் பந்தயம் சொல்லிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. தங்கை வந்து சொன்னாள்: "அண்ணா, அடுத்த மாசம் கெளம்பறோம். இனிமேலாவது நீ உன் வாழ்க்கையப் பாரேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் வாழ்க்கையாம். அது என்னிடம் எங்கே இருந்தது, பார்ப்பதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் கடைசி ஓட்டம் முடிந்ததும் மாப்பிள்ளை கூட்டாளிகளிடம் சொல்லிக்கொள்ளப் போனார். நான் துணியை அவிழ்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஸ்க்ரூவைத் தொடவில்லை. ஒரு கால் ஒடிந்தால் பயணம் நின்றுபோகும், மாடியில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பார், நானே கூட இருந்து பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் நினைத்தேன் சார், சத்தியமாக. தங்கை எப்போதும் என் வேனில்தான் திரும்புவாள். அன்றைக்கு மாப்பிள்ளைக்குப் பின்னால் ஏறினாள். ஏறுவதற்கு முன் ஹேண்டில்பாரைத் தடவிப் பார்த்தாள். துணி இல்லை. என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

பாலத்து இறக்கத்தில் வரிசையாக வேகத்தடைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பட்டறைக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருக்கிறாள். சக்கர நாற்காலிக்கு நானே சின்னச் சின்ன ஸ்பிரிங் வைத்திருக்கிறேன், நிலைப்படியில் கூட அதிராது. "அவரு வேகமாப் போகல அண்ணா, நான்தான் இருட்டறதுக்குள்ள போயிடலாம்னு அவசரப்படுத்தினேன்" என்று அழுவாள். விடும்மா, நீ என்ன செய்வாய் என்பேன். தன் அவசரம்தான் காரணம் என்று நம்புகிறாள்.

மாடி காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் மேலே நடக்கிற சத்தம் கேட்கிறது, கனமான பந்தய பூட்ஸ் சத்தம். கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்தால் நின்றுவிடும். எடுத்தால் மறுபடி நடக்கும். பயமாக இருக்கிறது சார்.

இன்றைக்குக் காலையில் தங்கையின் நாற்காலிக் கைப்பிடியில் அந்தச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. "ரொம்ப நாளாத் துவைக்காமக் கெடந்த உன் சட்டைப் பையில இருந்துது அண்ணா" என்றாள். "நான்தான் இனிமே தெருவுக்குப் போகப் போறதில்லையே. அதான் கட்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரியுமோ, எவ்வளவு தெரியுமோ, நான் குனிந்து நாற்காலி ஸ்பிரிங்கைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அவள் அன்றைக்கு வண்டியில் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை மறந்துவிட்டான் என்றுகூட எழுதலாம், யாருக்கும் மறதி வரும். ஆனால் குனிந்து இந்த ஷாக்கைப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வளையம் இருக்கிறது. பின்னால் இன்னொரு ஆள் உட்காரும்போது மட்டும் அந்த எடைக்குத் தக்கபடி அதைக் கீழே இறக்கி வைப்பேன். டிராக்கில் அது மேலே இருந்தது. துணியை அவிழ்ப்பதற்கு முன்னால் நான் இறக்கியிருக்கிறேன்.

அளந்து பார்த்தேன் சார். என் தங்கையின் எடைக்குச் சரியாக இருக்கிறது.