கடைமடைக்கான கணிப்பு

வாய்க்கால் ஓரச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். பேராவூரணியில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாட்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே அந்த வழி குளுமையாக இருக்கும். வாய்க்காலின் கோடியில் இருக்கும் அந்தக் கிராமத்துக்கு எத்தனை முறை போனேன் என்று கேட்கிறீர்கள். எண்ணவில்லை. வேலையும் அதுதான், விருப்பமும் அதுதான்.

என் பெயர் சுடர்விழி. திருவிடைமருதூர்ப் பக்கம் வயலில் கூலி வேலை பார்த்துத்தான் என் பெற்றோர் என்னை இயற்பியல் படிக்க வைத்தார்கள். நான் வேலை பார்த்தது விவசாயிகளுக்குப் பயிர்க்கடன் கொடுக்கும் நிறுவனத்தில். யார் கடனைக் கட்டுவார், யாரால் முடியாமல் போகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். பழைய முறை ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே வாய்க்காலை நம்பியிருப்பவர்கள் தனித்தனியாக விழுவதில்லை. மழை, தண்ணீர், நெல் விலை, ஒருவருக்கொருவர் போட்ட ஜாமீன் எல்லாம் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலை ஒருசேர எடைபோடக் குவாண்டம் கணினியைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். கணினி வெளிநாட்டில் இருந்தது. இணையம் வழியாக எங்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள்.

அந்தச் சம்பாப் பருவத்துக்குப் பழைய முறைப்படி எல்லோருக்கும் கடன் கொடுத்தாயிற்று. புதிய கணிப்பை வெளியே சொல்லவில்லை. அறுவடைக்குப் பிறகு எது சரி என்று ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்கள் மொத்தமாகத் தவறுவார்கள் என்றது குவாண்டம் கணினி. பழைய முறை அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் அந்த வருடம் மழை நன்றாகப் பெய்துவிட்டது. பொங்கலுக்கு முன் போய்ப் பார்த்தபோது கடைசி வயலிலும் தண்ணீர் நின்றது. கதிர் பால் கட்டிக்கொண்டிருந்தது. எங்களிடம் கடன் வாங்கியிருந்த ரெத்தினம் என்னை வரப்பில் நிறுத்தி ஒரு கதிரை நசுக்கிப் பால் வருவதைக் காட்டினார். அவரும் அவர் மனைவி நீலாம்பாளும் பிறர் நிலத்தில் உழைத்து, வெகுகாலம் கழித்துச் சொந்தமாக வாங்கிய வயல் அது.

கணிப்பு தவறப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. அது கணினியின் குற்றமில்லை. நாங்கள் கொடுத்த பழைய விவரங்களில் அப்படியொரு நல்ல வருடமே இல்லை. நிறுவனத்தில் மேலே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் எடுபடாது. திட்டத்தை மூடிவிடுவார்கள். பிறகு இந்தப் பக்கத்து விவசாயிக்கு நியாயமான கணிப்பு என்றைக்குமே கிடைக்காது. ஒரு பருவத்து நெல்லையும், இனி வரப்போகும் அத்தனை பருவங்களையும் வைத்துப் பார்த்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மதகைப் பார்த்துக்கொள்பவர் துரைராசு. அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஷட்டரை ஏற்றி இறக்கும் கைப்பிடி அவர் வீட்டில் இருக்கும். தண்ணீரை அளக்க வேண்டும் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். மாதக்கணக்கில் என்னைப் பார்த்துப் பழகியவர், யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். பட்டப்பகலில்தான் போனேன். கடைமடைக்குப் போகும் கிளை வாய்க்காலின் ஷட்டரை முழுவதுமாக இறக்கிவிட்டு, கைப்பிடியைக் கால்வாயில் போட்டேன். அதை மதகிலேயே வைத்துவிட்டு வந்ததாகத் துரைராசுவின் வீட்டில் சொன்னேன். திருகு துருப்பிடித்திருந்ததால் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் போனபோது நீலாம்பாள் அக்கா அந்தக் கொப்புளங்களைப் பார்த்தார். புது ஸ்கூட்டரின் பிடி உரசிவிட்டது என்று சொன்னேன். என்னை உட்காரவைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் அதிகாரிகளிடம் போய்க் கேட்டிருந்தார்கள். வேறு கைப்பிடி வர வேண்டும், பொங்கல் விடுமுறை முடியட்டும் என்று பதில் வந்திருந்தது. பம்புசெட் வைத்திருப்பவர் யாரும் அந்தக் கோடியில் இல்லை.

"ஒங்க கம்ப்யூட்டருதான் எல்லாத்தையும் முன்னாடியே சொல்லுமாமே பாப்பா. தண்ணி எப்ப வரும்னு பார்த்துச் சொல்லேன்" என்றார்.

"பார்க்கிறேன்க்கா" என்றேன்.

"வராதுன்னாலும் சொல்லிடு. இவரு ராத்திரியில தூங்கவே மாட்டேங்கறாரு."

அவர் என் கையை விடவில்லை. எண்ணெய் காயும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

மேல்மடைக்காரர்கள்தான் அடைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அதை நான் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை. மேல்மடையில் நிலம் வைத்திருந்த இராஜாங்கத்துக்கும் கடைமடைக்காரர்களுக்கும் முன்பே தண்ணீர்த் தகராறு இருந்தது. ரெத்தினம் கடப்பாரை எடுத்துக்கொண்டு மதகை உடைக்கப் போனார். உடைத்தால் தன் வயலின் கரை போய்விடும் என்று இராஜாங்கம் ஓடிவந்து தடுத்தார். தள்ளுமுள்ளில் ரெத்தினம் சிமெண்டுத் தளத்தில் விழுந்தார். தலையில் அடி. தஞ்சாவூர் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இராஜாங்கம் சிறையில் இருக்கிறார். ஷட்டரைத் தான் தொடவே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னது உண்மை. கைப்பிடியை நான் வாங்கிப்போனதாகத் துரைராசுவின் மனைவி விசாரணையில் உங்களிடம் சொன்னதும் உண்மை. அடைத்தது நான்.

அறுவடையில் கடைமடை முழுக்கப் பதர். கணிப்பில் சொன்ன அத்தனை பேரும் தவறினார்கள். ரெத்தினத்தின் கடனும் அதில் ஒன்று. இறந்தவரை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடலாமா என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம், அவரையும் சரியாகத்தான் கணித்திருக்கிறது என்றேன். திட்டத்தை டெல்டா முழுவதற்கும் விரிவுபடுத்தினார்கள்.

நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். நீலாம்பாள் அக்காவிடம் நீங்கள்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது, கணினி அவர்கள் விஷயத்தில் ஒரு தவறும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.