முழங்காலுக்கு ஒரு நேர்த்தி

செலீன்: இது எத்தினையாம் படி, தம்பி?

வின்சன்ட்: நாப்பத்தொண்டு. இன்னும் அம்பத்தெட்டு கிடக்கு. எழும்பி நடவுங்கோ அக்கா, சூசையப்பர் ஒண்டும் சொல்லமாட்டார்.

செலீன்: சூசையப்பர் கோயில் படியை முழங்காலால ஏறுறன் எண்டுதான் நேர்த்தி. நடக்கிறதுக்கு எங்கட பார்க் எக்ஸ்டென்ஷன் ஏரியா வீட்டுப் படியே காணும். நீ ஏன் நொண்டி நொண்டி வாறாய்? கீழ வாங்கில இரு எண்டனான்.

வின்சன்ட்: ஆர் குடை பிடிக்கிறது? அக்கா... பின்னால வாற கிழவர் என்ர மட்ச் பாத்தவர் போல, என்னைக் கண்டுபிடிச்சிட்டார். "பொன்ஜூர், முப்பத்திரண்டாம் நம்பர், ஏன் இப்ப ஓடுறேல்லை" எண்டு கேக்கிறார்.

செலீன்: என்ன சொன்னனீ?

வின்சன்ட்: கால் எண்டன்.

செலீன்: காலோ?

வின்சன்ட்: ஏன் நிண்டிட்டியள்? நோகுதோ?

செலீன்: அமெரிக்காவில ரெண்டு வருஷம், இஞ்ச மூண்டு வருஷம் இந்த முட்டைப்பந்து விளையாட்டு. பந்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நீ ஓட, பன்னிரண்டு பேர் துரத்தி விழுத்துவாங்கள்.

வின்சன்ட்: நீங்கள் ஒரு மட்ச்சும் பாக்கேல்லையே. டிக்கட் தந்தா அத்தானை அனுப்புவியள்.

செலீன்: டிவியில பாத்தனான். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு, செபமாலையோட. ஒருநாள் தலை அடிபட விழுந்து எழும்பி, ஆக்கள் விளங்காமல் மற்ற டீமுக்குள்ள போய் நிண்டனீ...

வின்சன்ட்: அதையும் பாத்தனீங்களோ?

செலீன்: அத்தான் விழுந்து விழுந்து சிரிச்சார். நான் எழும்பி டிவியை நிப்பாட்டினன். அண்டைக்குத்தான் இந்த நேர்த்தி வைச்சனான்.

வின்சன்ட்: பொறுங்கோ. கால் முறிஞ்சது அதுக்கு மூண்டு கிழமைக்குப் பேந்தெல்லோ?

செலீன்: ஓம்.

வின்சன்ட்: அப்ப நேர்த்தி கால் சுகமாகிறதுக்கு இல்லையோ?

செலீன்: இல்லையடா. இவன் இனி ஓடக்கூடாது எண்டு கேட்டனான். காலை முறிச்சுத் தாங்கோ எண்டு கேக்கேல்லை, சூசையப்பராணை. இவ்வளவு நாளும் உன்ர முகத்தைப் பாக்க ஏலாமல்தான் இருந்தனான். உன்ர வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான், தம்பி.

வின்சன்ட்: அழாதேங்கோ. அக்கா... கால் நாலு மாதத்தில சுகமாகிட்டுது.

செலீன்: என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? நொண்டுறியே.

வின்சன்ட்: கோச் திரும்பக் கூப்பிட்டவர். கடுதாசி என்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. அண்டைக்கு எந்தப் பக்கம் என்ர ஆக்கள் எண்டு தெரியாமல் நிண்டனே, அந்தப் பயத்தில நான்தான் மாட்டன் எண்டனான். பயந்திட்டான் எண்டு சனம் சொல்லக்கூடாது எண்டுதான் நொண்டித் திரிஞ்சனான். கொஞ்சம் தள்ளுங்கோ... மிச்சப் படியை நானும் முழங்காலால ஏறுறன்.