நம்மூருக்கு ரிஜெக்ட்டு கடை

வேணாம் வக்கீல் சார், அந்த ஷூ பொட்டிய எடுத்துக்கினு போங்க. தோல் நல்ல தோல்தான், வாசனையிலயே தெரியுது, ஆம்பூர்ல பொறந்தவளுக்குச் சொல்லணுமா. இத வாங்கிக்கினு கேஸ வாபஸ் வாங்குன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் கொமட்டிக்கினு வருது.

ஆமா, பொறந்ததுலேர்ந்தே கண்ணு தெரியாது. அதுக்கு ஏன் சார் கத்திப் பேசுறீங்க? காது நல்லாவே கேக்கும். ஒக்காருங்க, டீ போட்டிருக்கேன்.

என் பொண்ணு மேகலா ஒண்ணாவது சேர்ந்தா. கறுப்பு ஷூ வேணும்னாங்க ஸ்கூல்ல. யார் கையிலயும் போன குடுக்காம, உங்க கம்பெனி ஆன்லைன் கடையில நானே வாங்கணும்னு ஆச. திரையில இருக்கிறத என் போன் படிச்சி சொல்லும். உங்க கடைக்குள்ள போனா இன்னா சொல்லுது தெரியுமா? பட்டன். பட்டன். படம். பட்டன். எது சைஸு, எது கலரு, ஒண்ணும் கெடையாது. குத்துமதிப்பா அமுக்குனேன், எப்படியோ ஆர்டர் ஆயிடுச்சி. வந்தது ஆம்பள ஷூ. மேகலா ரெண்டு காலையும் ஒரே ஷூவுல வுட்டுக்கினு சிரிக்கிறா.

திருப்பி எடுத்துக்குங்கன்னு போன் பண்ணேன். வீட்ல கண்ணு தெரிஞ்சவங்க யார்னா இருந்தா அவங்ககிட்ட போன குடுத்து ஆர்டர் போடச் சொல்லும்மா, பாக்காம வாங்குனது உன் தப்புங்கிறான் ஒரு ஆளு. தூ, அதெல்லாம் ஒரு பேச்சா? ஸ்கூல் தொறந்த அன்னிக்கு கொழந்த செருப்போட போயி வாசல்லயே நின்னா.

தெரியாம நடந்துபோச்சா? அத மட்டும் சொல்லாதீங்க, பத்திக்கினு வருது. அமெரிக்காக்காரங்களுக்குன்னு தனியா ஒரு ஆன்லைன் கடை வச்சிருக்காங்களே, அதப் போயி பாருங்க. கலரு, லேஸா கொக்கியா, அடிப்பக்கம் ரப்பரா, எல்லாத்தையும் புட்டு புட்டு வைக்குது. அங்க கண்ணு தெரியாத ஒருத்தரு வக்கீல் நோட்டீஸ் வுட்டாரு. ஓடிப்போயி சரி பண்ணாங்க. இங்கயும் அதே மொதலாளி, அதே ஷூ, ஆனா இத அப்பிடியே வுட்டுட்டாங்க.

இந்த ஊருக்கு இது புதுசா சார்? நல்ல ஜோடி கப்பல் ஏறும். தையல் கோணுனது, கறை புடிச்சது, எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுன்னு பைபாஸ் ரோட்டுக் கடையில நமக்குத் தொங்கும். வெல கம்மின்னு நாமளும் மாட்டிக்கினு வருவோம். இப்ப ஆன்லைன் கடையிலயும் ரிஜெக்ட்டு ஒண்ண நம்ம பக்கம் தள்ளிட்டாங்க. தையல் கோணலா இருந்தாக்கூட ஷூவ கால்ல போடலாம். இந்தக் கடையில என்னால உள்ளயே போக முடியலையே.

கையெழுத்தா? போட மாட்டேன். மொதல்ல கடைய சரி பண்ணச் சொல்லுங்க. எங்களுக்குன்னு சட்டம் இருக்குது, அது உங்களுக்கும் தெரியும். இல்லன்னா பொட்டியத் தூக்கிக்கினு இந்தச் சந்துக்குள்ள வருவீங்களா?

அமெரிக்கா கடை விஷயம் எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? அவங்க உங்ககிட்ட சொல்லவே இல்லியா? அந்தக் கடைய போன் எங்க படிக்குது, எங்க ஊமையா நிக்குதுன்னு கூட ஒக்காந்து பாத்துச் சொன்னவளே நான்தான். வேலைக்குக் கூப்ட்டாங்க, போனேன். கடைசி நாளு மொதலாளிகிட்ட கேட்டேன், இதையே நம்மூர் கடைக்கும் பண்ணிடுங்க சார்னு. அவரு பக்கத்துல நின்ன மேனேஜரப் பாத்து சிரிக்கிறாரு. இந்த ஊர் குருடுங்க யாருய்யா கேஸ் போடப் போறாங்கன்னு. நான் எதுர்லயே ஒக்காந்துக்கினு இருக்கேன்.

அப்பவும் ஒரு வருஷம் பொறுத்தேன் சார். இந்நேரம் பண்ணியிருப்பாங்கன்னு நம்பித்தான் அந்த ஸ்கூல் ஷூவே ஆர்டர் போட்டேன்.

கேஸ் போடப் போறது யாருன்னு மொதலாளி கேட்டாருல்ல. பூர்ணிமான்னு போயி சொல்லுங்க. டீ ஆறுது பாருங்க, எடுத்துக்குங்க.